சாரல் எங்கே நிற்கிறது

செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடர் ஓரிடத்தில் தாழ்ந்து வழி விடுகிறது. ஆரியங்காவுக் கணவாய். கொல்லம் ரயில், மர லாரி, தென்மேற்குப் பருவக்காற்று எல்லாம் அந்த வழியாகத்தான் இந்தப் பக்கம் வந்து சேர்கின்றன. ஆனியிலும் ஆடியிலும் கேரளத்தில் கொட்டித் தீர்த்த மேகத்தின் மிச்சம் கணவாய்க்குள் நுழைந்து, திரிகூடமலையில் ஏறி, குற்றாலத்தில் சாரலாக விழுகிறது. ஐந்து கிலோமீட்டர் கிழக்கே, தென்காசியில் பல நாள் வெறும் காற்றும் இளவெயிலும்தான். கோயில் ராஜகோபுர வாசலில் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். ஆனால் தலை நனையாது. இந்த ஐந்து கிலோமீட்டருக்குள் எங்கோ சாரலுக்கு ஓர் ஓரம் இருக்கிறது. வழியிலுள்ள மேலகரத்துக்காரர்கள் நாள்தோறும் அதைக் கடந்து வேலைக்குப் போய் வருகிறார்கள்.

அந்த ஓரத்தை ஒரு பெண் கணினியில் வரைந்துகொண்டிருந்தாள். தென்காசிப் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடை அது. வில்லங்கம், பட்டா, பான் கார்டு, லேமினேஷன் என்று பலகை. கடைக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்கிறார்கள். என்னுடைய பத்திரக் கட்டு பெரியது. மெஷினில் தாள் சிக்கிச் சிக்கி வந்தது. பெஞ்சில் உட்காரச் சொன்னார். பெஞ்சுக்கு நேர் எதிரே, கடையின் உள்மூலையில், அவருடைய மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். எம்.எஸ்சி. இயற்பியல், கடைசி ஆண்டு ப்ராஜெக்ட் என்பது அண்ணாச்சி இன்னொரு வாடிக்கையாளரிடம் சொன்னதிலிருந்து தெரிந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் வந்த பிறகு, நிரல் எழுதுகிற பிள்ளைகளைத் தென்காசியில் பார்ப்பது புதிதில்லை. ஆனால் இவள் திரையில் இருந்தது அந்த மாதிரி வேலை இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு மலை. அதற்கு மேலே, கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் நீலப் பரப்பு ஒன்று, மேடும் பள்ளமுமாக மிதந்தது. சுட்டியைப் பிடித்து இழுத்தால் மலையும் பரப்பும் சேர்ந்து சுழன்றன.

மேஜையில் ஒட்டியிருந்த குறிப்புத் தாளிலேயே விவரம் இருந்தது. ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈஆர்ஏ5 தொகுப்பு. 1940 முதல் ஒவ்வொரு மணிக்கும், உலகம் முழுமைக்கும், காற்று, வெப்பம், ஈரம் எல்லாவற்றையும் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். காசில்லாமல் யாரும் இறக்கிக்கொள்ளலாம். கால் பாகைக்கு ஒரு புள்ளி, மேல்நோக்கி 37 அழுத்த மட்டங்கள். அவள் வெட்டி எடுத்தது 8 முதல் 10 பாகை வடக்கு, 76 முதல் 78.5 பாகை கிழக்கு, கீழிருந்து 13 மட்டங்கள். ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று. பெருக்கினால் 1,287 எண்கள். ஜூலை மாதத்து ஒரு நாளின் உலக நேரம் 12 மணி, நமக்கு மாலை 5.30. கொல்லத்துக் கடலிலிருந்து கோவில்பட்டிக் கரிசல் வரைக்குமான காற்றின் ஈரம் அந்த 1,287 எண்களுக்குள் இருந்தது.

எண்களை அப்படியே அச்சடித்தால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. மலையின் வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை ஒரு கோட்டால் இணைப்பதைப் பள்ளியிலேயே பார்த்திருக்கிறோம். தரவு மேலும் கீழும் விரிந்து முப்பரிமாணத்தில் இருக்கும்போது அந்தக் கோடே ஒரு பரப்பாகிவிடுகிறது. சார்பு ஈரப்பதம் சரியாக 95 விழுக்காடாக இருக்கிற இடங்களை எல்லாம் சேர்த்தால் காற்றில் ஒரு தோல் உருவாகும். அதற்கு ஒரு பக்கம் ஈரம் அதிகம், மறுபக்கம் குறைவு. திரையில் மிதந்த நீலம் அதுதான்.

முதலில் அது வரவில்லை. அவள் ஓட்டிய நிரல் சிவப்பெழுத்தில் நின்றது: நீ கேட்கும் மட்டம் தரவின் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று சொன்னது. அவள் 95 என்பதை 0.95 என்று கொடுத்திருந்தாள். தரவோ விழுக்காட்டில் இருந்தது. அந்தப் பெட்டிக்குள் ஒரு விழுக்காட்டுக்கும் கீழான ஈரம் எங்கே இருக்கப்போகிறது? திருத்தி ஓட்டினாள். பரப்பு வந்து நின்றது.

அண்ணாச்சி டோனர் கறை படிந்த கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"ஏட்டி, பொதிகை என்ன வடக்க போயிட்டு?"

அவள் திரையையே பார்த்தாள். சாம்பல் மலையின் உயரமான பகுதி அவளுடைய நீலப் பரப்பின் மேட்டோடு பொருந்தவில்லை. குற்றாலத்துக்குத் தெற்கே இருக்க வேண்டிய பொதிகை, அதாவது அகத்தியமலை, 1,868 மீட்டர், வடக்கே போய் நின்றது. அண்ணாச்சிக்கு நிரல் தெரியாது. ஆனால் பிறந்ததிலிருந்து கடை வாசலில் நின்றால் எந்த மலை எந்தக் கையில் இருக்கும் என்பது தெரியும். இந்தத் தரவில் அட்சரேகை வடக்கில் தொடங்கித் தெற்கே இறங்குகிறது; வரைகிற நிரலோ வரிசையில் முதலில் வருவதைக் கீழே வைக்கிறது. படம் கண்ணாடியில் பார்த்தது போலத் தலைமாறிப் போகும். உலகமெங்கும் இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோரும் இடறுகிற கல் இது. இடறினாலும் படம் அழகாகவே இருக்கும் என்பதுதான் ஆபத்து. ஊரை அறிந்த கண் ஒன்று பக்கத்தில் இல்லாவிட்டால் அப்படியே அச்சேறிவிடும்.

ஒரு வரி சேர்த்து வரிசையைத் திருப்பினாள். பொதிகை தெற்கே வந்தது.

இன்னொரு கோளாறை அவளே கண்டுபிடித்தாள். அழுத்த மட்டங்கள் 1000இல் தொடங்கி 750 மில்லிபார் வரை இருபத்தைந்து இருபத்தைந்தாகக் குறைகின்றன. அதற்கு மேல் ஐம்பது ஐம்பதாக. நிரல் எல்லா அடுக்கும் சம இடைவெளி என்று நினைத்துக்கொண்டு மேலடுக்குகளை அமுக்கிவிடுகிறது. ஒவ்வொரு புள்ளியின் புவியீர்ப்பு நிலையையும் 9.80665ஆல் வகுத்து உண்மையான உயரத்தை எடுத்தாள். பிறகு சம உயர அடுக்குகளுக்கு எண்களை மாற்றினாள். மலைக்கு உள்ளேயும் தரவில் எண்கள் இருக்கின்றன, பாறைக்குள் காற்று இருப்பது போல. கணக்கு வசதிக்காக நிரப்பி வைத்தவை. அவற்றையும் நீக்கினாள். இத்தனைக்கும் பிறகு படத்தில் தெரிந்த மாற்றம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்காக அவள் உட்கார்ந்திருந்த பொறுமை எனக்குப் பிடித்திருந்தது.

இடையிடையே ஆட்கள் வந்தார்கள். "அண்ணாச்சி, ஆதார் ரெண்டு காப்பி." "அண்ணாச்சி, இத பேக் டு பேக் போட்டுக் குடுங்க." அவர் போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி மகளின் பின்னால் வந்து நிற்பார்.

"அதென்ன தொண்ணூத்தஞ்சு? யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கலப்பா. நான் வச்சதுதான்."

"அப்ப நீ வைக்கிற எடத்துல மேகம் நிக்குமோ?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. எண்ணை 100 ஆக்கி ஓட்டினாள். மலைக்கு மேற்கே சில துணுக்குகள் மட்டும் அங்கங்கே தொங்கின. 80 ஆக்கினாள். பரப்பு கிழக்கே விரிந்து, தென்காசியை மூடி, சங்கரன்கோவில் பக்கம் போயிற்று. மறுபடி 95. பிறகு 70, 85, 95 மூன்றையும் சேர்த்துப் போட்டாள். எவர்சில்வர் கடையில் பெரிய பாத்திரத்துக்குள் அடுத்ததும் அதற்குள் சின்னதுமாக அடுக்கி வைத்திருப்பது போல மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று இருந்தன. ஒன்றையொன்று எங்கும் வெட்டவில்லை. வெட்டவும் முடியாது, ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் ஈரம் 85ஆகவும் 95ஆகவும் இருக்காது.

"நூறு வந்தாத்தான மேகம்? அப்புறம் ஏன் அஞ்சக் கொறச்சுட்ட?"

நல்ல கேள்வி. கால் பாகை என்றால் இங்கே ஏறக்குறைய 28 கிலோமீட்டர். அந்தப் பெட்டி முழுவதற்கும் ஒரே எண்தான். பெட்டியின் ஒரு மூலையில் மேகம் திரண்டு நிற்கும், இன்னொரு மூலையில் வெயில் அடிக்கும். சராசரி 100ஐத் தொடாது. அதனால் கொஞ்சம் கீழே வைத்துத்தான் மேகத்தைத் தேட வேண்டும். ஐந்து குறைப்பதா, எட்டு குறைப்பதா என்பது வரைகிறவர் முடிவு.

அந்த முடிவு எவ்வளவு பெரியது என்பதை அவள் ஒரு கழிவுத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். அவள் தோளுக்கு மேலாக எனக்கும் தெரிந்தது. ஒரு சின்னப் பெட்டி வரைந்தாள், எட்டு மூலை. ஒவ்வொரு மூலையிலும் ஓர் எண். அது 95க்கு மேலா, கீழா என்று மட்டும் முதலில் பார்க்க வேண்டும். எட்டு மூலைக்கும் இரண்டு இரண்டு வாய்ப்பு. மொத்தம் 256 வகை. பெட்டியைத் திருப்பியும், மேல் கீழ் என்பதைப் பரிமாறியும் பார்த்தால் ஒன்றுபோல இருப்பவற்றைக் கழித்து 15 வகை. எந்த வகைக்கு எந்த முக்கோணங்களைப் போடுவது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஒரு மூலை மேலேயும் பக்கத்து மூலை கீழேயும் இருந்தால், நடுவிலுள்ள விளிம்பில் எங்கோ பரப்பு கடக்கிறது. எங்கே? நேர்விகிதக் கணக்கு.

"இது 77 பாகை, கேரளாப் பக்கம். 98ன்னு வச்சுக்கோங்க. இது 77.25, நம்ம பக்கம். 90. தொண்ணூத்தஞ்சு எங்க வரும்? எட்டுல மூணு பங்கு தூரத்துல."

27.5 கிலோமீட்டரில் எட்டில் மூன்று பங்கு, பத்து கிலோமீட்டர் சொச்சம். தென்மலையைத் தாண்டிச் சற்றுக் கிழக்கே.

"இப்ப 92ன்னு வைக்கேன். எட்டுல ஆறு பங்கு. இருபது கிலோமீட்டர்."

ஆரியங்காவையும் தாண்டி, எல்லைக்கு அருகே, புளியரைப் பக்கம். மூன்று விழுக்காடு மாற்றியதில் மேகத்தின் ஓரம் மலையேறி வந்து மாநில எல்லையை எட்டிவிட்டது. அண்ணாச்சி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாவில் சர்வே எண் ஓர் இலக்கம் மாறினால் என்ன ஆகும் என்று தினமும் பார்க்கிறவர் அவர். அவருக்கு விளங்காமல் இருக்குமா?

இப்படி ஒவ்வொரு பெட்டியாக நடந்து போவதால் இந்த முறைக்கு மார்ச்சிங் கியூப்ஸ் என்று பெயர். 1987இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் லோரன்சன், கிளைன் என்ற இருவர் வெளியிட்டார்கள். அவர்கள் வரைய நினைத்தது மேகத்தை இல்லை; சிடி ஸ்கேன் எடுத்த நோயாளியின் எலும்பையும் தோலையும். முதல் பட்டியலில் சில வகைகளுக்கு இரண்டு விதமாக முக்கோணம் போட இடமிருந்ததால் பரப்பில் ஓட்டை விழுந்தது. பின்னால் வந்தவர்கள் அடைத்தார்கள். இன்று பைத்தானில் அது ஒரே வரி.

இதில் நம் ஊர்ப் பங்கை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது எனக்கு ஆதங்கம். ஸ்கேன் படத்தை முப்பரிமாணமாகக் கட்டி எழுப்பும் கணக்கை எளிமையாக்கியது 1971இல் ஜி.என். ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் எழுதிய கட்டுரை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜனின் முப்புரி வடிவத்தைக் கண்டறிந்த அதே ராமச்சந்திரன்தான். இருவர் பெயரின் முன்பாதியையும் சேர்த்து ராம்-லாக் என்று இன்றும் அந்தக் கணக்கை அழைக்கிறார்கள். அவள் திரையில் பரப்பைச் சுழற்றிக் காட்டிய மென்பொருள் மாயாவி; சென்னை ஐஐடியில் விண்ணூர்திப் பொறியியல் படித்த பிரபு ராமச்சந்திரன், 2000களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கியது. உலகத்து ஆய்வகங்கள் பல பயன்படுத்துகின்றன. விலை கிடையாது. தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் உள்மூலையிலும் அது ஓடியது.

ஈரத்தை விட்டுவிட்டுக் காற்றுக்குப் போனாள். விநாடிக்கு 15 மீட்டர் வேகம் என்ற மட்டத்தைக் கொடுத்ததும், ஈரப் பரப்பைப் போல இல்லாமல், மேற்கிலிருந்து கிழக்காக நீண்ட ஒரு குழாய் தோன்றியது. தரையில் இல்லை, ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில். ஜூலை மாதத்தில் தென்னிந்தியாவின் மேல் இப்படி ஒரு தாழ்மட்ட மேலைக் காற்றோட்டம் பாய்கிறது என்று 1966இல் பி.வி. ஜோசப், பி.எல். ராமன் இருவரும் பலூன் அளவீடுகளை வைத்து எழுதினார்கள். அவர்கள் கைக்குக் கிடைத்தது சில நிலையங்களின் எண்கள்தான். குழாயை மனத்துக்குள்தான் பார்த்திருக்க வேண்டும். அந்தக் காற்றோட்டமும் மலை இடைவெளிகளும் இருப்பதால்தான் ஆரல்வாய்மொழியிலும் கயத்தாற்றிலும் சுரண்டைப் பக்கமும் காற்றாலைகள் நிற்கின்றன.

அப்போதுதான் ஓர் அம்மாள் உள்ளே வந்தார். குற்றாலத்தில் பழக்கடை போடுகிறவர். சீசனுக்கு மங்குஸ்தானும் ரம்புட்டானும். சேலை முந்தானை நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. வங்கிப் புத்தகத்தைப் பாலித்தீன் பையிலிருந்து எடுத்து, நனையாத பக்கமாகப் பிடித்து நீட்டினார்.

"அண்ணாச்சி, லோனுக்கு. மொதப் பக்கமும் கடைசிப் பக்கமும். அங்கன சாத்து சாத்துன்னு சாத்துது. மேலகரம் வரையில நின்னுட்டு. இங்கன மண்ணே நனையல பாத்தீயளா?"

கணினிக்கு முன்னால் இருந்தவள் முதல் முறையாக நாற்காலியைத் திருப்பினாள்.

"எந்த எடத்துல நின்னுது ஆச்சி?"

"எந்த எடம்னு என்னத்தச் சொல்ல. பஸ்ஸு சன்னல மூடிக்கிட்டு வந்தோம். மேலகரத்துல ஒருத்தன் தொறந்தான். அம்புட்டுத்தான்."

அவள் திரும்பி, ஊர்களைப் புள்ளியாகப் படத்தில் வைக்க முயன்றாள். குற்றாலம் 8.93 வடக்கு, 77.27 கிழக்கு. தரவில் அதற்கு மிக அருகிலுள்ள புள்ளி 9 வடக்கு, 77.25 கிழக்கு. தென்காசி 8.96, 77.31. அருகிலுள்ள புள்ளி 9, 77.25. செங்கோட்டை கொடுத்தாள். அதே புள்ளி. கணவாய்க்கு அந்தப் பக்கம் மழையில் கிடக்கும் ஆரியங்காவைக் கொடுத்தாள். அதுவும் அதே புள்ளி. மழைக்காடும் மழை மறைவும், சாரலும் வெயிலும், இரண்டு மாநிலமும் ஒரே எண்ணாகக் கிடந்தன. படத்தில் தெரிந்த மலையே உண்மையான மலை இல்லை, தரவுக்குள் இருக்கும் மலை. அந்த மலை கணவாய் இல்லாத மழுங்கிய மேடு. சாரலைக் கொண்டுவரும் வாசலே அந்தக் கணக்கில் கிடையாது.

அவள் சோர்ந்துவிட்டாளா என்று பார்த்தேன். இல்லை. உலாவியைத் திறந்தாள். நொய்டாவில் உள்ள நம் தேசிய நடுத்தர கால வானிலை மையம் ஐஎம்டிஏஏ என்று ஒரு தொகுப்பு வைத்திருக்கிறது. 1979 முதல், 12 கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி. ஆரியங்காவுக்கும் குற்றாலத்துக்கும் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி; பிரிய வாய்ப்பு உண்டு. குற்றாலமும் தென்காசியும் அதிலும் பிரிவது சந்தேகம். பழக்கடை அம்மாள் பஸ் சன்னலில் பார்த்த ஓரத்தைப் பிடிக்க அதைவிட நெருக்கமான கட்டம் வேண்டும். தும்பாவில் ரேடார் இருக்கிறது, ஆனால் அதன் தாழ்ந்த கற்றைகளுக்குக் குறுக்கே மலை நிற்கிறது.

"ஏட்டி, இத வச்சு மேல மழைன்னா கீழ குளிக்கவங்களுக்குச் சொல்ல முடியுமா?" என்றார் அண்ணாச்சி.

அவர் எதை நினைத்துக் கேட்டார் என்று கடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு சிறுவனைக் கொண்டுபோயிற்று. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தொட்டாலே குளிக்க விடமாட்டார்கள். அந்த ஆர்ச்சும் ஒரு மட்டம்தான், கண்ணால் பார்க்கக்கூடிய மட்டம். மலைக்கு மேலே பெய்வதைக் கீழே நிற்கிறவர் பார்க்க முடியாது.

"முடியாதுப்பா. இது நடந்து முடிஞ்ச மணிக்கணக்கு. அதுவும் இருபத்தெட்டு கிலோமீட்டருக்கு ஒண்ணு. அருவிக்கு மேல நாலு எடத்துல மழைமானி வைக்கணும். அது வேற வேலை."

"அப்ப அதையும் எழுது."

என் பத்திர நகல் தயாராகிவிட்டது. காசைக் கொடுத்துவிட்டு, சில்லறைக்காக நின்றேன். அவள் 95 பரப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினாள். படத்துக்குக் கீழே தட்டச்சு செய்தாள். அண்ணாச்சி பின்னாலிருந்து எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"சார்பு ஈரப்பதம் 95 விழுக்காட்டுப் பரப்பு. மட்டம் தேர்ந்தவர் ஆய்வு மாணவி. ஜூலை, மாலை 5.30. கட்ட இடைவெளி 0.25 பாகை. மலை, மாதிரியில் உள்ளபடி. ஆரியங்காவுக் கணவாய் இதில் இல்லை. ஆரியங்காவு, செங்கோட்டை, குற்றாலம், தென்காசி நான்கும் ஒரே புள்ளி. வெள்ள எச்சரிக்கைக்குப் பயன்படாது."